இருபத்தோராம் வசனம்

டிசம்பர் 2, செவ்வாய்க்கிழமை. காலை 4.50-க்கு எழுந்தேன். பல் துலக்கி, வெந்நீர் குடித்து, ரத்த அழுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். 5.10-க்குப் பால் வந்தது. 5.15-க்கு டைரியில் அன்றைய தேதியை எழுதினேன். பின்தலையில் இடதுபுறம் லேசான வலி. குளிரென்று நினைத்தேன். 5.30-க்கு மூவரும் ஜெபத்துக்குப் பாயில் உட்கார்ந்தோம்.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. ஆந்திராவில், புத்தூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தின் ஸ்டோர் கீப்பர். மனைவி எஸ்தர். மகள் கெசியா திருப்பதியில் பி.காம். படிக்கிறாள், தினமும் ரயிலில் போய் வருகிறாள்.

டிசம்பர் மாதத்தில் எங்கள் வீட்டில் லூக்கா சுவிசேஷம் வாசிப்போம். இருபத்துநான்கு அதிகாரங்கள், தேதிக்கு ஒன்று. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் முடிந்துவிடும். எஸ்தர் தெலுங்கு மீடியத்தில் படித்தவள். தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. கெசியாவும் அப்படியே. எனக்குத் தெலுங்கு, கடைப் பலகை படிக்கிற அளவுக்குத்தான். அதனால் கல்யாணமான வருடமே ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ஒற்றைப்படை வசனங்களை நான் தமிழில் வாசிப்பேன், இரட்டைப்படை வசனங்களை அவள் தெலுங்கில் வாசிப்பாள். இருபத்தாறு வருடங்களாக ஓர் அதிகாரம் எங்கள் வீட்டில் இப்படித்தான் முழுமையாகிறது.

அன்று இரண்டாம் அதிகாரம். வேதத்தைத் திறந்தேன். தெலுங்கு வேதம் கைக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். இரண்டுக்கும் ஒரே மாதிரி கறுப்பு ஜிப் உறை, மாறிப்போவது வழக்கம்தான். இது உன்னுடையது என்று எஸ்தரிடம் நீட்டினேன்.

"கண்ணாடிய போட்டுக்கினும் தெரியலியா? உங்களுதுதான் அது," என்று சிரித்தாள்.

அவள் கையில் இருந்ததை எட்டிப் பார்த்தேன். அதுவும் அப்படியே இருந்தது. எழுத்துகள் மங்கவில்லை. வளைவு, கோடு, புள்ளி எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. ஆனால் ஒன்றுகூட எனக்குத் தெரிந்த எழுத்தாக இல்லை.

நான் செய்த தவறு இங்கே தொடங்குகிறது. அந்த அதிகாரத்தின் முதல் இருபது வசனங்கள், குடிமதிப்பு (மக்கள் கணக்கெடுப்பு) முதல் மேய்ப்பர்கள் திரும்பிப் போவது வரை, எனக்கு மனப்பாடம். சிறுவயதில் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் பரிசுக்காகப் படித்தவை. பக்கத்தைப் பார்த்தபடி மனதிலிருந்து சொன்னேன். எஸ்தர் அவளுடைய வசனங்களை வாசித்தாள். இருபது முடிந்ததும் இருமினேன். நேரமாகிவிட்டது, மீதியைச் சாயங்காலம் வாசிக்கலாம் என்றேன்.

6.10-க்கு டைரியில் வழக்கமான வரியை எழுதினேன். கை தடையில்லாமல் ஓடியது. எழுதி முடித்துப் பார்த்தேன். என் கையெழுத்தும் எனக்குத் தெரியாத எழுத்தாக இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. கண்ணாடி பவர் மாறியிருக்கும், சாயங்காலம் கடையில் காட்டிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வண்டியில் வேலைக்குப் போனேன். கல்லூரி வாசலில் வலது முழங்கை கேட்டில் உரசித் தோல் கிழிந்தது. கேட் அங்கே இருந்ததே எனக்குத் தெரியவில்லை. ஸ்டோரில் பியூரெட் கேட்டு வந்தவர்களுக்கு எடுத்துக் கொடுத்துப் பதிவேட்டில் எழுதினேன். எழுத முடிந்தது. முந்தின வரியில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பதிவேட்டைக் கையால் மறைத்தபடி மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

11.50-க்கு எஸ்தர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். திருப்பதிக் கல்லூரியிலிருந்து கெசியா போன் செய்து ஒரு விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். பத்தாம் வசனத்துக்குப் பிறகு பக்கம் திருப்ப வேண்டும், நைனா திருப்பவேயில்லை, ஆனால் வாசித்துக்கொண்டே போனார் என்று. தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளை. வசன எண்களை வைத்து அவளால் கவனிக்க முடிந்தது அந்த ஒன்றைத்தான்.

எஸ்தர் எதுவும் விசாரிக்கவில்லை. மேஜையிலிருந்த தாளில் தெலுங்கில் ஒரு வார்த்தை எழுதி என் முன்னால் வைத்தாள். "இன்னா எழுதிக்கீறன்?"

வெகு நேரம் பார்த்தேன். தெரியவில்லை என்றேன்.

"என் பேருங்க," என்றாள்.

வெளியே காத்திருந்த ஆட்டோக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்து, கையா காலா என்று கேட்டார். எலும்பு கட்ட வெளியூர்க்காரர்கள் தேடி வரும் ஊர் இது. இரண்டும் இல்லை, திருப்பதிக்குப் போகக் கார் வேண்டும் என்றாள் எஸ்தர்.

1.40-க்கு மருத்துவமனை. கெசியா வாசலிலேயே நின்றிருந்தாள். ஸ்கேனுக்கு வெளியே உள்ள நீளமான தாழ்வாரத்தில் என் பெயரைக் கூப்பிடும் வரை மூவரும் உட்கார்ந்திருந்தோம். சுவரெல்லாம் அறிவிப்புப் பலகைகள். ஒன்றும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

நரம்பியல் மருத்துவர் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும். தெலுங்கில் நிதானமாகப் பேசினார். ஒரு தாளைக் கொடுத்து ஆங்கிலத்தில் முகவரியை எழுதச் சொன்னார். எழுதினேன். ஒரு பிழையும் இல்லை என்றார். அதே தாளை ஒரு நிமிடம் கழித்து நீட்டி, படியுங்கள் என்றார். முடியவில்லை.

மூளையின் இடது பின்பகுதியில் பக்கவாதம் (ரத்தக்குழாய் அடைத்து மூளையின் ஒரு பகுதி செயலிழப்பது) என்று விளக்கினார். கை கால் விழவில்லை, வாய் கோணவில்லை என்பதால் அது பக்கவாதம் இல்லையென்று ஆகாது. எனக்கு ஏற்பட்டது அலெக்ஸியா (எழுத முடியும், வாசிக்க முடியாது). கூடவே இரண்டு கண்களிலும் வலது பாதிப் பார்வை போயிருந்தது. கேட்டில் இடித்தது அதனால்தான். காரணம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் தாளம் தவறித் துடிப்பது). அங்கே உண்டான ரத்தக்கட்டி மூளைக்குப் போயிருக்கிறது.

எத்தனை மணிக்குத் தெரிந்தது என்று கேட்டார். 5.35 என்றேன். நாலரை மணி நேரத்துக்குள் வந்திருந்தால் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டுப் பார்த்திருக்கலாம் என்றார். குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. பேனாவை மூடி வைத்தார், அவ்வளவுதான். கெசியா, பக்கம் திருப்பாததை அப்போதே பார்த்தேன், கேட்காமல் விட்டுவிட்டேன் என்று அழுதாள். அவள் கேட்டிருந்தாலும் நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

அடுத்த மூன்று நாட்கள் முக்கியம், பாதித்த இடத்தில் ரத்தம் கசியலாம், இன்னொரு கட்டியும் வரலாம் என்றார்கள். இரண்டு மணிக்கொரு முறை நர்ஸ் கண்ணில் டார்ச் அடித்து, கையைத் தூக்கச் சொல்லிப் பெயரைக் கேட்டுவிட்டுப் போவார். கொஞ்சம் தாமதமாகப் பதில் சொன்னால் எஸ்தர் எழுந்து நின்றுவிடுவாள்.

மூன்றாம் தேதி சாயங்காலம் அவள் என் தமிழ் வேதத்தைக் கட்டிலில் வைத்தாள். தன்னுடையதைத் திறந்து இருபத்திரண்டாம் வசனத்தில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இருபத்தொன்று என்னுடையது. எனக்கு அது மனப்பாடம் இல்லை.

போனில் ஆடியோ இருக்கிறது, போடட்டுமா என்று கெசியா கேட்டாள்.

"ஆடியோ நம்ம வூட்டு ஆளா?" என்றாள் எஸ்தர். பிறகு என் பக்கம் திரும்பினாள். "எனக்குத் தமிழ் படிக்க வராதுன்னு தெரிஞ்சிதானே அன்னிக்கி ஏமாத்துனீங்க. வேதத்த கையில வெச்சிக்கினு."

அவள் வேதத்தை மூடினாள். நான்காம் தேதியும் அப்படித்தான். ஐந்தும் ஆறும் ஏழும் அப்படித்தான். தினமும் திறப்பாள், ஐந்து நிமிடம் காத்திருப்பாள், மூடுவாள். அந்த ஐந்து நிமிடங்களுக்குப் பயந்ததுபோல எந்த ஊசிக்கும் நான் பயப்படவில்லை.

ஒரு நாள், முதல் அதிகாரத்தில் பேச்சிழந்த ஆசாரியர் பலகை கேட்டு எழுதிக் காட்டியதைக் கெசியா எனக்கு ஆறுதலாகச் சொன்னாள். அவரால் எழுதினதைப் படிக்க முடிந்ததே என்றேன். எஸ்தர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். ஐந்து நாட்களில் அதுதான் முதல் சிரிப்பு.

எட்டாம் தேதி வீட்டுக்கு அனுப்பினார்கள். புதிதாக ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை. வண்டி ஓட்டக் கூடாது. பேச்சுப் பயிற்சி நிபுணர் ஒரு வழி சொல்லியிருந்தார். கண் மறந்த எழுத்தைக் கை மறக்கவில்லை, அதனால் எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள், சிலருக்கு அது உதவும் என்றார். வேதத்தின் பொடி எழுத்தில் என் விரல் தடுமாறியது. ஒன்றின் மேல் ஒன்றாக நான்கு எழுத்துகளை மூடிக்கொண்டது.

ஒன்பதாம் தேதி சாயங்காலம் கெசியா என் இடது உள்ளங்கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நான் பாத்து வரையறன் நைனா. நீ கண்ண மூடிக்கினு சொல்லு."

வரைந்தாள். ஒன்றும் தெரியவில்லை. மறுபடி வரைந்தாள். இதுவும் இல்லையென்றால் இனி எதுவும் இல்லை என்று தோன்றியது. எஸ்தர் விரலை வசனத்தில் வைத்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது முறை கவனித்தேன். எழுத்தைப் படமாகப் பார்த்து, வலது ஓரத்திலிருந்து இடதுக்கு வரைகிறாள். யாரும் அவளுக்குத் தமிழ் எழுதச் சொல்லித் தரவில்லையே. அவள் விரலைப் பிடித்து இடது மேல்முனையில் வைத்து, இங்கிருந்து கீழே இறங்கு என்றேன். இறங்கினாள், வலதுக்குப் போனாள், மேலே ஏறினாள், தலையில் ஒரு சுழி போட்டாள்.

"பி," என்றேன்.

அடுத்தது ள், அடுத்தது ளை. பிள்ளைக்கு. எட்டாம் நாளில் குழந்தைக்குப் பெயரிடும் வசனம். முடிக்க ஐம்பத்திரண்டு நிமிடம் ஆனது. எஸ்தர் உடனே இருபத்திரண்டை வாசித்தாள். அவசரத்தில் அவளே ஒரு வார்த்தையைத் தவறவிட்டாள்.

ஒரு நாளைக்கு ஒரு வசனம் என்று முடிவு செய்தோம். இருபத்தொன்று முதல் ஐம்பத்தொன்று வரை ஒற்றைப்படை வசனங்கள் பதினாறு. ஒன்பது முதல் இருபத்துநான்கு வரை நாட்களும் பதினாறு. சில நாள் முன்னேற்றம் இருக்கும், மறுநாள் அதே எழுத்து நழுவிவிடும். பதினான்காம் தேதி ஒரு வார்த்தையில் நாற்பது நிமிடம் சிக்கிக்கொண்டு, உள்ளங்கையை இழுத்துக்கொண்டு எழுந்துபோனேன். கெசியா கூப்பிடவில்லை. பத்து நிமிடம் கழித்து நானே வந்து கையை நீட்டினேன். இருபதாம் தேதிக்குப் பிறகு அவள் நோட்டில் பெரிதாக எழுதித் தர, நானே விரலை ஓட்டினேன்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். திடீரென்று எழுத்து தெரியாமல் போனால் நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தெரிந்ததை வைத்துச் சமாளிக்காதீர்கள். நம்மை நம்பியிருப்பவர்களிடம்தான் சமாளிப்பது மிகச் சுலபம்.

வலதுபுறம் இன்னும் திரும்பவில்லை. தலையைத் திருப்பினால்தான் என் தட்டின் மறுபாதி இருக்கிறது, எஸ்தர் இருக்கிறாள். முன்பு நிமிடங்களை டைரியில் எழுதிவிட்டு மறந்துவிடுவேன். இப்போது ஒரு நிமிடம் என்றால் இரண்டு அல்லது மூன்று எழுத்து.

டிசம்பர் 24, மாலை 7.05. இருபத்துநான்காம் அதிகாரத்தில் இருக்க வேண்டிய நாளில், இரண்டாம் அதிகாரத்தின் ஐம்பத்தோராம் வசனத்தை முப்பத்து மூன்று நிமிடத்தில் வாசித்தேன். எஸ்தர் ஐம்பத்திரண்டை வாசித்துவிட்டு, மூடாமல் வேதத்தை மடியில் வைத்திருந்தாள். "அதிகாரம் முடிஞ்சிது," என்றாள். பிறகு, "இந்த வாட்டி நீங்க படிச்சீங்க," என்றாள்.

மறுநாள் 4.50-க்கு எழுந்தேன். கிறிஸ்துமஸ் ஆராதனை ஒன்பது மணிக்கு. மாத்திரைக்கும் முன்னால் டைரியை எடுத்து, டிசம்பர் 2-ஆம் தேதிப் பக்கத்தைத் திறந்தேன். அன்று எழுதியதை நான் இதுவரை படித்ததில்லை. என் எழுத்தின் மேல் என் விரலை வைத்து, இடது முனையிலிருந்து ஓட்டினேன். பதினோரு நிமிடம் ஆனது. 'வேதம்: லூக்கா 2, 1 முதல் 20 வரை வாசித்தேன்.'

கடைசி வார்த்தையை ஒரு கோட்டால் அடித்தேன். அதற்கு மேலே, 'மனப்பாடமாகச் சொன்னேன்' என்று எழுதினேன். எழுதியது சரியா என்று முதல் எழுத்திலிருந்து விரலை ஓட்டத் தொடங்கியபோது, பால் வந்தது.