டோக்கனம்மாவும் மஞ்சள் பட்டையும்

எங்கள் அண்ணிக்கு அவளுடைய அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அடையாள அட்டையைத் தவிர வேறெங்கும் அதை யாரும் பார்த்ததில்லை. ஊருக்கு அவள் டோக்கனம்மா. பல் டாக்டரின் கிளினிக்கில் வாசலோரம் மேசை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு எண் போட்ட வெள்ளை பிளாஸ்டிக் வில்லையைக் கொடுத்து, முறை வந்ததும் கூப்பிட்டு உள்ளே அனுப்புவது வேலை. மற்றவர்களைக் கேட்டால் சின்ன வேலை என்பார்கள். அவளைக் கேட்டால் நீதிபதிக்கு அடுத்தபடி அவள்தான்.

வரிசையில் முந்தப் பார்க்கிற எல்லோரும் அவளுக்கு முந்திரிக்கொட்டைகள். பள்ளிக்கூட ஹெட்மாஸ்டரோ டாக்டரின் சொந்த மாமனாரோ, யார் வந்தாலும் அதே வெள்ளை வில்லைதான். ஒருமுறை என் அண்ணனுக்குக் கடைவாய்ப் பல் வலி வந்து கன்னம் பன் மாதிரி உப்பிவிட்டது. கட்டின புருஷன் என்றும் பார்க்காமல் பதினொரு பேருக்குப் பின்னால் உட்காரவைத்தாள். அவன் கண்ணாலேயே கெஞ்சினான். அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறவள் போல, "உக்காருங்க, கூப்பிடுவேன்" என்றாள். அண்ணன் கல்யாண நாளை மறப்பான், அதை மறக்கவில்லை.

ஆனால் அவள் சட்டத்தில் ஈரமும் உண்டு. காத்திருக்கிறவர் டீ குடிக்கப் போகவேண்டுமென்றால் நாற்காலியில் குடையையோ பையையோ வைத்துவிட்டுப் போகலாம். அவர் திரும்புகிறவரை அந்தக் குடைதான் அவர். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே குளியலறை. அங்கேயும் காலையில் வாளியை வைத்து இடம் பிடிக்கிற வழக்கம்தான். நான் ஒருநாள் என் வாளியைச் சற்று முன்னால் தள்ளிவைத்து அவளிடம் கையும் களவுமாகப் பிடிபட்டேன். ஒரு வாரம் எனக்குக் கடைசிக் குளியல்.

அண்ணனின் மகளை நாங்கள் வாண்டு என்று கூப்பிடுவோம். போன வருஷம் அவளைத் தீம் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே பெரிய ரோலர் கோஸ்டர் வாசலில் ஒரு மரக் கரடி கையை நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் கையைத் தலை தொட்டால்தான் உள்ளே விடுவார்கள். வாண்டுக்கு இரண்டு விரற்கடை குறைந்தது. அழுதுகொண்டே திரும்பி வந்தவள், அந்த வருஷம் முழுக்க வளர்வதையே வேலையாக வைத்துக்கொண்டாள். நிலைக் கம்பியில் தொங்கினாள். சமையலறைக் கதவில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். கோடு கரடி உயரத்தைத் தாண்டிய அன்று அண்ணி பாயசம் செய்யாத குறைதான். விடுமுறையில் கட்டாயம் போகிறோம் என்று வாக்குக் கொடுத்தாள்.

எனக்கு அந்த இடமே ஆகாது. வெயிலில் கால்கடுக்க நிற்பதற்கு உலகத்தில் எத்தனையோ இலவச இடங்கள் இருக்கும்போது, காசு கொடுத்து நிற்பானேன்? ஆனாலும் சித்தப்பா வரவேண்டும் என்று வாண்டு சொல்லிவிட்டாள். போனேன்.

இந்த முறை கரடியின் கை அவள் உச்சந்தலையில் நன்றாகவே இடித்தது. வாண்டு கரடிக்கு ஒரு முத்தம் கொடுத்தாள். பிறகு வரிசையில் நின்றோம். வளைந்து வளைந்து, போன வழியே திரும்பி வந்து, நிழலைக் கண்டால் விலகிப் போகிற வரிசை அது. அதை ஒட்டினாற்போல ஒரு கயிற்றுக்கு அந்தப் பக்கம் இன்னொரு பாதை காலியாகக் கிடந்தது. மணிக்கட்டில் மஞ்சள் பட்டை கட்டியவர்கள் அதில் ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டே நடந்து வருவார்கள். கயிற்றுக்காரர் எங்களை நிறுத்திவிட்டு அவர்களை ஏற்றுவார். மிச்சம் மீதி இருக்கை இருந்தால் எங்களுக்கு. அந்தப் பட்டை நுழைவுச் சீட்டைவிட விலை அதிகம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அண்ணிக்கு முதலில் இது புரியவே இல்லை. ஏதோ கோளாறு, வேலை தெரியாத ஆள் என்று நினைத்தாள். ஒரே தொழிலில் இருக்கிறவள் என்ற உரிமையோடு கயிற்றுக்காரரிடம் போனாள். நானும் கூடப் போனேன்.

"தம்பி, இப்போ எந்த நம்பர் போகுது?"

"நம்பரெல்லாம் இல்லீங்க மேடம்."

"அவங்க இப்பத்தானே வந்தாங்க? நாங்க காலையிலேர்ந்து நிக்கிறோம்."

"ஆமாங்க மேடம். ஆனா அவங்க காசு கட்டியிருக்காங்க."

அதை அவர் எவ்வளவு பணிவாகச் சொன்னார் என்றால், அதற்குமேல் சண்டைபோட இடமே இல்லை. சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று சொன்னவரிடம் யார் சண்டைபோடுவது? நாமும் பட்டை வாங்கினால் என்ன என்று அண்ணன் மெல்ல இழுத்தான். அவள் பார்த்த பார்வையில் பர்ஸைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

மத்தியானம் வாண்டுக்குப் பசி வந்தது. அண்ணிக்கு அவள் கிளினிக் சட்டம் ஞாபகம் வந்தது. தண்ணீர் பாட்டில் பையையும் தன் ஒரு ஜோடிச் செருப்பையும் எங்கள் இடத்தில் ஒழுங்காக வைத்தாள். பின்னால் நின்றவரிடம் இது நாங்கள்தான் என்று சொல்லிவிட்டு, வெறுங்காலோடு எங்களை மரத்தடிக்குக் கூட்டிப்போனாள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் நாங்களும் இல்லை, அண்ணியின் செருப்பும் இல்லை. நீண்ட இடுக்கி வைத்திருந்த துப்புரவுக்காரர் ஒருவர், தொலைந்துபோன பொருள்களை வைக்கும் அறைக்கு அவற்றைக் கொண்டுபோய்விட்டாராம். கொதிக்கிற தரையில் அண்ணி தத்தித் தத்தி நடக்க, நாங்கள் பின்னாலேயே அங்கே போனோம். அங்கேயும் ஒரு வரிசை.

மீட்டுக்கொண்டு வந்து மறுபடி வாலில் நின்றோம். இப்போது அண்ணிக்குள் இருந்த நீதிபதி முழுசாக எழுந்துவிட்டாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவள் அதிகாரம் செல்லாது. அதனால் இந்தப் பக்கத்தை ஒரு பிடி பிடித்தாள். கழிப்பறைக்குப் போன பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு வரிசையில் முன்னால் நின்ற மனைவியிடம் திரும்பி வந்த ஒரு மனிதரை, "எல்லாருக்கும் ஒரே சட்டம்தாங்க. பின்னால போங்க" என்று விரட்டினாள். என்ன இருந்தாலும் அது அநியாயம். இடத்தை இழந்த ஆத்திரத்தை அவர்மேல் காட்டினாள். அந்த மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் போனார்.

நாங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. எங்களுக்கு முன்னால் இரண்டே குடும்பங்கள். அப்போது கயிற்றுக்காரர் ஒரு சங்கிலியை எடுத்து எங்கள் வரிசைக்குக் குறுக்கே மாட்டினார். பொது வரிசை இன்றைக்கு இத்தோடு முடிந்தது, பட்டை உள்ளவர்கள் மட்டும் வரலாம் என்று அதே பணிவோடு அறிவித்தார். வாண்டு அழவில்லை. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, ஓடுகிற வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுதிருந்தால் கொஞ்சம் தாங்கியிருக்கலாம்.

அந்த நேரம் பார்த்துக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? பல் டாக்டர், மனைவி, மகள் சகிதம். மணிக்கட்டெல்லாம் மஞ்சள். அவருடைய பையன் தண்ணீர்ச் சறுக்கலில் வாந்தி எடுத்துவிட்டுக் காரில் படுத்திருக்கிறானாம். அவன் பட்டை டாக்டரின் சட்டைப் பையில் இருந்தது.

"ஒண்ணு சும்மாத்தான் இருக்கும்மா. பாப்பாவை எங்களோட அனுப்பேன்" என்றார்.

டாக்டர் நல்ல மனிதர். கேட்டதில் ஒரு குறையும் இல்லை. வாண்டு தன் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். எங்களுக்குப் பின்னால் ஒரு நாள் முழுக்க அண்ணியின் உபதேசம் கேட்ட கூட்டம் நின்றது. அதில் பையனைத் தோளில் வைத்திருந்த அந்த மனிதரும் இருந்தார். அண்ணியின் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. பிறகு யாரையும் பார்க்காமல், சங்கிலிக்கு அடியில் மகளைக் குனியவைத்து அந்தப் பக்கம் அனுப்பினாள்.

"எல்லாருக்கும் ஒரே சட்டமாம்" என்று பின்னாலிருந்து அந்த மனிதரின் குரல் வந்தது. அண்ணி திரும்பவில்லை. நான் அவளைக் குறை சொல்லமாட்டேன். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் காலையிலேயே அனுப்பியிருப்பேன். வாண்டு கீழே இறங்கி வந்தபோது முகம் அப்படி ஜொலித்தது. வீடு வந்து சேரும்வரை வாய் ஓயவில்லை. அண்ணி எல்லாவற்றுக்கும் உம் கொட்டினாள்.

திங்கட்கிழமை அண்ணி கிளினிக்குக்குப் போனால் மேசைமேல் ஒரு புதுப் பெட்டி இருந்தது. உள்ளே மஞ்சள் வில்லைகள். காசு அதிகம் கட்டினால் மஞ்சள், மஞ்சளை முதலில் கூப்பிடவேண்டும். அந்தப் பார்க்கில் என்ன அருமையான ஏற்பாடு பார்த்தாயா என்றாராம் டாக்டர். காசு இருக்கிறவனுக்கு நேரம் மிச்சம், நேரம் இருக்கிறவனுக்குக் காசு மிச்சம், யாருக்கும் நஷ்டமில்லை என்றாராம். டாக்டரின் மாமனாரையே உட்காரவைத்தவள் இதை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமலா இருந்தாள் என்று கேட்டேன்.

"எந்த வாயால பேசறது? 'உங்க பாப்பா கூட அதுலதானே போச்சு'ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டாரு" என்றாள்.

அன்றிலிருந்து மஞ்சள் எண்களை மேசையைப் பார்த்துக்கொண்டே கூப்பிட ஆரம்பித்தாள். வெள்ளையைக் கூப்பிடும்போது இருந்த கம்பீரமான குரல் மஞ்சளுக்கு வரவில்லை. வீட்டில் வாளிகள் இஷ்டத்துக்கு இடம் மாறின. அவள் கண்டுகொள்ளவில்லை. எனக்கே பாவமாக இருந்தது.

யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வருமல்லவா? அண்ணனுக்கு மறுபக்கக் கடைவாய்ப் பல் வீங்கியது. ஊசி என்றால் அவனுக்கு நடுக்கம், அதனால் துணைக்கு நான் போனேன். கிளினிக்கில் உட்கார இடமில்லை. அண்ணி பழக்கதோஷத்தில் வெள்ளை வில்லையை எடுத்து நீட்டினாள். அண்ணன் அதை வாங்கவில்லை. முன்பின் தெரியாத ஆள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தான். பின்னால் இருந்தவர்களுக்கு அவன் முதுகுதான் தெரிந்தது.

"ஒரு மஞ்சள் கொடுங்க."

"ஏங்க, விளையாடாதீங்க. எல்லாரும் பார்க்கறாங்க" என்றாள் அவள், உதடு அசையாமல்.

"வலிக்குதும்மா. காசு கட்டறேன். ரூல்தானே?"

அவள் நோட்டை எடுத்துப் பெட்டியில் போட்டாள். மஞ்சளைக் கொடுத்தாள். கொடுத்த கையோடு அந்த எண்ணைக் கூப்பிடவேண்டியிருந்தது, ஏனென்றால் வேறு மஞ்சள் யாரும் இல்லை. அண்ணன் எழுந்து, எத்தனையோ பேரைத் தாண்டி, கன்னத்தைத் தாங்கிக்கொண்டே ஒரு வெற்றிவீரன் நடை நடந்து உள்ளே போனான்.

அறை முழுக்க முணுமுணுப்பு எழுந்தது. துண்டைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் மேசைக்கே வந்துவிட்டார். நேற்று வந்து திரும்பிப்போய், இன்று காலையிலேயே வந்து காத்திருப்பவர்.

"என்னம்மா இது, வந்ததும் உள்ள அனுப்பிட்டே? உன்னை நம்பித்தானே எல்லாரும் உக்காந்திருக்கோம்? உனக்கு வேண்டியவரா அவரு?"

இத்தனை வருஷமும் எந்தப் பேச்சு வந்துவிடக்கூடாது என்று புருஷனையே வீங்கிய கன்னத்தோடு உட்காரவைத்தாளோ, அந்தப் பேச்சு. அண்ணி என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு மிகவும் பணிவாகச் சொன்னாள்.

"இல்லீங்க ஐயா. அவரு காசு கட்டியிருக்காரு."

பெரியவரின் முகம் உடனே தெளிந்துவிட்டது. அறையில் முணுமுணுப்பும் அடங்கியது.

"ஓ, காசு கட்டினவரா. அப்ப சரிம்மா, தப்பா எடுத்துக்காதே. நான் கூட உன் வீட்டுக்காரரோன்னு நெனச்சுட்டேன்."

சொல்லிவிட்டு அவர் தன் நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். அண்ணி குனிந்து, மஞ்சள் பெட்டியின் மூடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.