பாதாம் கன்றுகளுக்கு அண்ணன் ஊற்றிய தண்ணீர்

வீட்டுக்கு வந்த யாரையும் அரை வயிற்றோடு அனுப்பி அறியாத எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. அவருடைய ஒரே தங்கை நான் இதை எழுதுகிறேன்.

அறந்தாங்கிக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்தவர். அப்பா காலமானதும் படிப்பை விட்டுக் குடும்பத்தைத் தாங்கினார். என் திருமணத்தை முடித்த கையோடு, இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், அமீரகத்தின் அல் ஐன் நகருக்குச் சென்று ஒரு செடி நர்சரியில் வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கே பாதாம் கன்றுகளைப் பைகளில் வளர்த்தார்கள். தண்ணீர் விடுவது கீழக்கரை காதர் பாயின் பொறுப்பு. அண்ணனுக்குப் பையில் மண் நிரப்பும் வேலை. ஆனால் அந்த வெயிலில் கன்றுகள் தலை தொங்கி நிற்பதைக் கண்டால் அவருக்கு மனசு கேட்காது. டியூட்டி முடிந்ததும் எல்லாவற்றுக்கும் இன்னொரு முறை ஊற்றிவிட்டுத்தான் ரூமுக்குப் போவார். "போதும்ண்ணே" என்று இலையை மறைத்தாலும் நம் கையை விலக்கிவிட்டுச் சோறு வைப்பவர் வேறென்ன செய்வார்?

சில வாரங்களில் இலைகள் மஞ்சளாயின. வாடுகிறதே என்று அண்ணன் இன்னும் கொஞ்சம் ஊற்றினார். கன்றுகள் வரிசையாகச் சாய்ந்தன. பார்க்க வந்த விவசாய அதிகாரி ஒன்றைப் பிடுங்கிக் காட்டினார். வேர் பழுப்பேறிக் குழைந்திருந்தது. மண்ணை ஒட்டிய தண்டு கறுத்து, தொட்டதும் பட்டை கழன்றது. ஈரம் காயாத மண்ணில் பூஞ்சை பிடித்து வேரையும் தண்டையும் அழுகச் செய்திருக்கிறது என்றார். முதலாளியான அர்பாப், காதர் பாயைப் பார்த்தார்.

"பானி ஜாஸ்தி? கலாஸ். விசா கேன்சல்." தண்ணீர் அதிகமா, தீர்ந்தது உன் வேலை என்று அர்த்தம்.

சொன்ன அளவுக்கு மேல் ஒரு சொட்டும் விடவில்லை என்று காதர் பாய் சத்தியம் செய்தார். ஊரில் மூன்று பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேலைக்கு வந்த மனிதர். அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. வாய் திறந்தால் தன் விசா போய்விடும் என்று தெரிந்தும் முன்னால் போய் நின்றார்.

"அர்பாப், காதர் பாய் நஹி. மே பானி தியா. டெய்லி தியா." தினமும் தண்ணீர் விட்டது நான்தான் என்றார்.

"க்யூன்?" ஏன் என்று கேட்டார் அர்பாப்.

"பஹுத் கர்மி. பியாஸ்", ரொம்ப வெயில், தாகம் என்று கன்றுகளைக் காட்டினாராம்.

முறைத்துக்கொண்டிருந்த அர்பாப் சிரித்துவிட்டார். யாருடைய விசாவும் போகவில்லை. நோய் கண்டவற்றை எரித்து மண்ணை மாற்றச் சொன்னார். அண்ணன் இனிச் செடிப் பக்கமே போகக்கூடாது, தொழிலாளர் தங்கும் கேம்பில் சமையலைப் பார்க்கட்டும் என்றும் உத்தரவிட்டார்.

புதுக் கன்றுகள் செழித்தன. கேம்ப் முழுக்கத் தொப்பையும் விழுந்தது. லீவில் வரும்போதெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பார். "மனுசனுக்கு வேரழுகல் வராது தங்கச்சி, இன்னொரு கரண்டி போட்டுக்க" என்பார்.

ஊர் திரும்பிய பிறகும் நிறைவாகவே வாழ்ந்தார். கடைசி நாட்களில் அவரைக் கவனித்த மருத்துவர்களுக்கும், இரவும் பகலும் உடனிருந்த அண்டை வீட்டாருக்கும், தோள் கொடுத்த அல் ஐன் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

காரியம் முடிந்த அன்று, கீழக்கரையிலிருந்து வந்து கூடவே நின்ற காதர் பாயிடம் நான் கைகூப்பி நன்றி சொன்னேன். அவர் என் கையைத் தடுத்தார். "எனக்கு எதுக்கும்மா நன்றி? அன்னைக்கு அண்ணன் முன்னால வந்து நின்னதுக்கு நானே இன்னும் சொல்லல. எங்க போயிடப் போறாரு, சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன்" என்று குலுங்கி அழுதார்.

அவர் சொல்லாமல் விட்டதை, அவர் கேட்டுக்கொண்டபடி, அண்ணனின் இந்த நினைவு மலரில் அச்சிடுகிறோம்.

நன்றி, அண்ணே.