கல்யாணக் கார்ட்டில் ஒரு வரி இடம்

வெல்வெட் கார்ட்டின் பசை வாசம், சூடேறிய பிரிண்டரின் வாசம்... இரண்டும் கலந்தால் எனக்கு இன்னும் அந்த ஒரு கார்ட்தான் ஞாபகம் வரும்.

ஏ.எல். பரீட்சை முடித்த கையோடு கல்முனையில் ஒரு அச்சகத்தில் டைப்செட்டிங் வேலைக்குப் போனேன். கல்யாண சீசன். கதிரையை விட்டு எழும்ப ஏலாது.

ஒருநாள் சாய்ந்தமருதிலிருந்து ஒரு வாப்பாவும் மகள் ரிஸ்னாவும் வந்தார்கள். ரிஸ்னாதான் மணப்பெண். உம்மா குவைத்தில் வீட்டு வேலை. கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை.

வாப்பா சொல்லச் சொல்ல அடித்தேன். தன் பெயருக்குப் பின்னால் 'தம்பதிகள்', ஹாஜியாரான மூத்த காக்கா, சமாதான நீதவானான தம்பி, மச்சான்மார்... கடைசியில் மணமகள் இல்ல விலாசம். எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடு கொடுத்தால்தான் கல்யாணம். அந்த வீட்டைக் குவைத்தில் இருந்துகொண்டு கட்டியது உம்மா.

"வாப்பா, உம்மாட பேரு?" ரிஸ்னா மெல்லக் கேட்டாள். "ஆள் வரத்தான் ஏலா. பேராவது வரட்டுமே."

"எங்க மகள் இடம்? பாரு, அடியில வந்து முட்டிட்டு. தம்பதிகள் எண்டு இரிக்கிதானே, அதுக்குள்ள உம்மாவும்தான்."

எனக்குப் பொறுக்கவில்லை. "இடம் இரிக்கி சாச்சா. வரிக்கு வரி இடைவெளியக் கொஞ்சம் குறைச்சாச் சரி."

குறைத்தேன். வரிகள் மேலே ஏறின. அவர் பெயருக்குக் கீழே உம்மாவின் பெயரை அடித்தேன். விலாசம் அடுத்த பக்கத்துக்குப் போகவும் இல்லை. ரிஸ்னா ஸ்கிரீனுக்குக் கிட்ட வந்து பார்த்தாள்.

அவர் முகம் மாறியது. "என்ன புள்ள, எலெக்‌ஷன் நோட்டீஸ் மாதிரி நெருக்கி வெச்சிரிக்காய்? எடு அத. வெளிநாட்டுக்குப் போனவள்ர பேர ஊரெல்லாம் குடுக்கிறதா?"

அதுதான் விஷயம். அவள் கட்டிய வீட்டில் பந்தல் போடலாம். அவள் பெயரைப் போடக்கூடாது.

எடுத்தேன். "இப்ப நல்லா விட்டு விட்டு அடி" என்றார். விட்டு விட்டு அடித்தேன். அந்த வெள்ளையில் இரண்டு உம்மாமாரின் பெயர் தாராளமாக வந்திருக்கும்.

கார்ட் எடுக்க ரிஸ்னா தனியாக வந்தாள். என்னை அக்கா முறை சொல்லிக் கூப்பிட்டாள். "ராத்தா, ஒண்டே ஒண்டு உம்மாட பேரோட அடிச்சித் தாங்களன்."

அடித்துக் கொடுத்தேன். அங்கேயே போட்டோ எடுத்துக் குவைத்துக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் உம்மாவின் வொய்ஸ் மெசேஜ் வந்தது.

"மகள்... எண்ட பேரையும் போட்டிரிக்காரே வாப்பா! அல்லாஹ் அவருக்கு நல்ல சுகத்தக் குடுக்கட்டும்."

ரிஸ்னா போனைக் கவிழ்த்து வைத்தாள். நான் அடுத்த ஆளின் கார்ட்டைத் திறந்தேன்.

இப்போது கார்ட் எல்லாம் போனில் வருகிறது. பக்கம் முடிகிற கதையே இல்லை... விரலால் தள்ளத் தள்ள இறங்கிக்கொண்டே போகும். போன கிழமை ஒன்று வந்தது. பூ விழுகிறது. மேப் இருக்கிறது. காரை எங்கே விடுவது என்றுகூட இருக்கிறது. இரண்டு வாப்பாமாரின் பெயரும் பெரிதாக மின்னுகிறது.

உம்மாமாரைத் தேடி அடிவரைக்கும் போனேன். இல்லை.

அன்றைக்கு இடமில்லை என்று ஒரு பொய்யாவது சொன்னார்கள். இன்றைக்கு அதுவும் தேவைப்படவில்லை.