ஞாயிறு பின்னேரம் வந்த வாழ்த்து

மன்னார்த் தீவின் தென்கரையில், கடற்றொழிலாளர் சங்கக் கந்தோரில் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து வேலை பார்ப்பவள் சுவேதினி. அவளுடைய கணவன் ஜெனோஜன் வள்ளத்தில் போகிறவன். சங்கத்து ஆட்களின் ஃபோன்களுக்குக் கூட்ட அறிவித்தல், பிறந்தநாள் வாழ்த்து, காற்று எச்சரிக்கை எல்லாம் அந்தக் கொம்பியூட்டரில் இருந்து ஆள் தொடாமலே தானாகப் போகும். சனங்களும் அதற்கு நன்றாகப் பழகிவிட்டார்கள். முந்தி வானத்தை அண்ணாந்து பார்த்தவர்கள் இப்போது பொக்கற்றைத் தடவிப் பார்த்துவிட்டு வள்ளம் தள்ளினார்கள். செய்தி இல்லையென்றால் காற்றும் இல்லை. அவ்வளவு நம்பிக்கை.

வினை ஒரு செத்தவீட்டில் தொடங்கியது. விடியப்புறம் பெட்டியைச் சுற்றிச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த நேரம், இறந்த மனிதரின் ஃபோன் கிணுகிணுத்து அவருக்கே பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னது. மனைவி மயங்கி விழுந்தாள். சங்கத் தலைவர் எமிலியானுஸ் அன்று கந்தோர் திறக்கும் முன்பே வாசலில் வந்து நின்றார்.

"பிள்ளை, இனி நீ கதிரையில இருக்கேக்க மட்டும்தான் உந்தக் கொம்பியூட்டர் செய்தி அனுப்பவேணும். நீ எழும்பிப் போனால் அதுவும் வாயை மூடவேணும்."

வெட்கத்தில் குறுகிப்போயிருந்த சுவேதினி கந்தோரைத் திறந்ததும் கொம்பியூட்டருக்கு முன்னால் போய் இருந்தாள். தானாகப் போகும் செய்திகள் எல்லாவற்றையும் ஒன்றாகத் தெரிவு செய்து, திங்கள் முதல் வெள்ளி வரை, எட்டரையிலிருந்து நாலரை வரை மட்டும் போகும்படி பூட்டினாள். காற்று எச்சரிக்கையும் அந்தக் கூட்டத்துக்குள் இருந்ததை அவள் யோசிக்கவில்லை. கந்தோருக்கு வாரம் தொடங்குவது திங்கள். அந்தக் கரைக்கு வாரம் தொடங்குவதோ ஞாயிறு பின்னேரம். பூசைக்கும் ஓய்வுக்குமாகக் கரையில் கிடந்த வள்ளங்கள் அன்றைக்குத்தான் ஒன்றாக இறங்கும்.

அடுத்த ஞாயிறு ஜெனோஜனும் இறங்கினான். அவன் போய்க் கொஞ்ச நேரத்தில் கூரைத்தகரம் படபடத்தது.

"சோழகக் காத்து எழும்புது போல," என்றாள் சுவேதினி.

"மெசேஜ் ஒண்டும் வரேல்லையே," என்றாள் வேலிக்கு அந்தப் பக்கம் உடுப்பு எடுத்துக்கொண்டிருந்த பெற்றிசியா. "பிறகென்ன பயம்?"

காற்று எச்சரிக்கையையும் சேர்த்துப் பூட்டியது சுவேதினிக்கு அப்போதுதான் உறைத்தது. சைக்கிளை எடுத்தவள் செருப்பையும் மறந்தாள்.

கந்தோரைத் திறந்து பார்த்தால், வானிலை நிலையத்தின் எச்சரிக்கை மத்தியானமே வந்து கிடந்தது. 'திங்கள் காலை அனுப்பப்படும்' என்று பக்கத்தில் மரியாதையாக எழுதியிருந்தது. அந்த நேரப் பூட்டை எடுத்துவிட்டாள். பாழாய்ப்போன மென்பொருள் அப்போதும் வரிசை தவறவில்லை. முதலில் போனது, சனிக்கிழமை ஜெனோஜனுக்குப் போயிருக்கவேண்டிய பிறந்தநாள் வாழ்த்து. பிறகு எல்லாருக்கும் கூட்ட அறிவித்தல். அதற்குப் பிறகுதான் காற்று. அவை ஊர்ந்து ஊர்ந்து போவதைப் பார்த்து அவள் மேசையில் அடித்தாள். ஜெனோஜனை அழைத்தாள். தொடர்பு கிடைக்கவில்லை.

கரைக்கு ஓடினாள். கடல் வெள்ளை வெள்ளையாக நுரைத்துக் கிடந்தது. வள்ளங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. எல்லாரும் எச்சரிக்கை வந்துதான் திரும்பினதாகச் சொன்னார்கள். ஜெனோஜனை மட்டும் காணவில்லை.

"அவன் எங்களுக்கு முன்னுக்கே போயிட்டான்," என்றான் ஒருவன். "அங்கால சிக்னல் இல்லை."

அவன் வராவிட்டால் என் கையாலேயே அவனைக் கொன்றதாகிவிடும் என்று சுவேதினி நினைத்தாள். புனித அந்தோனியாரைக் கூப்பிட்டு மன்றாடினாள். கால் மரத்துப்போகும் வரை நின்றாள். வெளிச்சம் மங்குகிற நேரம், அலைக்குள் தாழ்ந்து தாழ்ந்து எழும்பிக்கொண்டு அவனுடைய வள்ளம் வந்தது.

"காத்து மெசேஜ் கிடைச்சதோ?" தண்ணீருக்குள் இறங்கி ஓடிக்கொண்டே கேட்டாள்.

"இல்லை. உன்ர வாழ்த்து மட்டும் வந்தது. அதோட சிக்னல் போயிட்டுது."

"பிறகேன் திரும்பினனீங்கள்?"

"நீ இருந்தால்தானே இப்ப உந்தக் கொம்பியூட்டர் செய்தி அனுப்பும், ஞாயிற்றுக்கிழமை பூட்டின கந்தோரில இருந்து வாழ்த்து வருமோ? நீ போய்த் திறந்திருக்கிறாய் எண்டு விளங்கிச்சுது. நீ சும்மா திறக்கமாட்டாய்."

சுவேதினி அழுதுவிட்டாள். சுற்றி நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்.

"காத்து மெசேஜை நான்தான் பூட்டி வச்சனான்."

எமிலியானுஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தார்.

"பூட்டச் சொன்னது நான்," என்று சொல்லிவிட்டு, வள்ளத்துக் கயிற்றைப் பிடித்து அவளுக்குப் பக்கத்தில் நின்று இழுக்கத் தொடங்கினார்.