பாதி டோஸ் டாக்டர்

ஊசிக்குழலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் இரண்டு சொட்டை வெளியே தள்ளுகிறார் டாக்டர். "போதும் சிஸ்டர். இதுவே ஜாஸ்தி." கையுறை மாட்டிய அறுவை மருத்துவர் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறார்.

எங்கள் மயக்க மருத்துவருக்கு நர்சுகள் நாங்கள் வைத்த பெயர் 'பாதி டோஸ்'. கையையோ காலையோ மட்டும் மரத்துப்போக வைக்கும் மருந்து, அளவு மீறினால் இதயத்தையே பதம் பார்த்துவிடும். அதனால் மரப்பை நீட்டித்துத் தரும் துணை மருந்து ஒன்றைத் துளி கலந்து, முதல் மருந்தைப் பாதியாகக் குறைப்பார். நல்ல காரியம்தான், யார் இல்லையென்றது? அதைத் தானே கண்டுபிடித்த மாதிரி லிஃப்ட்காரரைக்கூட நிறுத்தி வைத்து விளக்குவாரே, அதைத்தான் தாங்க முடியாது.

வீட்டிலும் இதே கதை. காபியில் சர்க்கரையைப் பாதியாக்கி ஏலக்காய் தட்டிப் போடுவாராம். "முழு இனிப்பும் வருதா இல்லையா?" "வரலை," என்பாராம் மனைவி. அது மட்டும் அவர் காதில் விழாது.

போன வாரம் ஒரு தையற்காரர் வந்தார். வலது மணிக்கட்டில் முறிவு. டாக்டர் வழக்கம்போல மருந்தைப் பாதியாக்கினார். துணை மருந்தை மட்டும் தாராளமாக ஒரு துளி கூட்டினார். அறுவை அலுங்காமல் முடிந்தது. "சாயங்காலம் கை முழிச்சுக்கும் பாருங்க."

மறுநாள் காலை பத்து மணிக்கும் முழிக்கவில்லை.

"டாக்டர், இந்தக் கைதான் எங்களுக்குச் சோறு போடுது. கிள்ளினாக்கூடத் தெரியலைங்கறாரு," என்றார் தையற்காரரின் மனைவி. தையற்காரர் கத்தரிக்கோல் பிடிக்கும் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"துணை மருந்து வேலை செய்யுதும்மா. ரொம்ப நல்லாவே செய்யுது." சிரித்துக்கொண்டேதான் சொன்னார் டாக்டர். ஆனால் அரைமணிக்கு ஒருமுறை வார்டுக்கு வந்தார். குளிர்ந்த தண்ணீரில் பஞ்சை நனைத்து விரலைத் தொடுவார். "சில்லுனு இருக்கா?" "இல்லைங்க." மதியச் சாப்பாட்டையும் தொடவில்லை. லிஃப்ட்காரர், "சார், அந்தத் துணை மருந்து..." என்று ஆரம்பிக்கவும், இவர் மாடிப்படி வழியாக ஏறிப் போய்விட்டார். எனக்கே பாவமாகிவிட்டது.

மூன்று மணிக்கு மறுபடியும் பஞ்சு. தையற்காரர் முகத்தைச் சுளித்தார். "சில்லுங்குது டாக்டர்!" ஆள்காட்டி விரல் லேசாக மடங்கி நிமிர்ந்தது. அவர் மனைவி வாய்விட்டு அழுதார்.

"நான்தான் நேத்தே சொன்னேனே! இதுக்கெல்லாமா பயப்படுவாங்க?" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி அதட்டினார் டாக்டர். அதட்டி முடிப்பதற்குள் கட்டில் கம்பியைத் தடவிப் பிடித்து, நோயாளியின் கால்மாட்டிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.