‘ஆச்சுங்க’ என்று சொன்ன ஒன்பது வீடுகள்

எழுதத் தெரியாதவள்தான் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்தாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும் பிள்ளைகளின் லீவு லெட்டரும்தான். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்காத நான், நாலு பேர் படிக்கிற மாதிரி எழுத உட்காருவது எனக்கே அதிகப்பிரசங்கித்தனமாக இருக்கிறது. பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் சாப்பாட்டுக் குழுவின் ஆண்டு விழா மலருக்கு, “ஆரம்பிச்சதே நீங்கதானுங்க, ஒரு பக்கம் எழுதிக் குடுங்க” என்று கேட்டார்கள். அந்த ஒரு பக்கத்துக்காக உட்கார்ந்தபோது வந்தது இது. மலரில் இதைப் போட மாட்டார்கள்.

எங்கள் வீடு திருச்செங்கோட்டில், சங்ககிரி போகிற சாலைப் பக்கம். என் வீட்டுக்காரர் போர்வெல் போடுகிற ரிக் வண்டிப் பட்டறையில் வெல்டர். எங்கள் பகுதியில் பாதி வீட்டு ஆண்கள் போர்வெல் வண்டியோடு ஆந்திராவிலோ ராஜஸ்தானிலோ இருப்பார்கள். படித்த பிள்ளைகள் பெங்களூரில் இருப்பார்கள். வீட்டில் வயதானவர்கள் மட்டும் இருப்பார்கள். கேட் பெரிதாக இருக்கும், உள்ளே அரிசி மூட்டையும் இருக்கும். சோறாக்கத்தான் ஆள் இருக்காது.

எதிர் வீட்டு அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது பத்து நாள் தூக்குப்போசியில் சோறு கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் சொல்லி இன்னொரு வீடு, அவர்கள் சொல்லி இன்னொன்று. பைப் கடை வைத்திருக்கும் ஒரு பாய் தன் டிவிஎஸ் வண்டியில் கொண்டுபோகிறேன் என்று தானாக வந்து நின்றார். ஒரு கல்யாண மண்டபத்தில் பின்கட்டுச் சமையலறையைக் கொடுத்தார்கள். தெருப் பெண்கள் இரண்டு பேர் காய் நறுக்க வந்தார்கள். மூன்று வருஷத்தில் இருபத்து மூன்று வீடுகள் ஆயின. ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு போசிகள். மூடியில் நகப்பாலிஷால் நம்பர் போட்டிருந்தோம். இன்றைய சோற்றை வைத்துவிட்டு நேற்றைய காலிப் போசியை எடுத்து வருவோம். திரும்பி வருகிற போசியை வைத்தே யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

எங்களுக்கு ஒரே ஒரு விதி இருந்தது. வாசலில் நின்று “சாப்டாச்சுங்களா” என்று கேட்கக்கூடாது.

எங்கள் ஊரில் யாரைப் பார்த்தாலும் முதல் பேச்சு அதுதான். பதில் “ஆச்சுங்க” என்பதுதான். சாப்பிட்டிருந்தாலும் அதே பதில், சாப்பிடாவிட்டாலும் அதே பதில். இல்லை என்று சொன்னால் கேட்டவரிடம் சோறு போடு என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். “ஆச்சு” என்று ஒருவர் சொன்ன பிறகு அவர் கையில் சோற்றுப் போசியைக் கொடுக்கவும் முடியாது, அவர் வாங்கவும் மாட்டார். ஆரம்பத்தில் நானே இப்படிக் கேட்டு இரண்டு மூன்று போசிகளைத் திருப்பி எடுத்து வந்திருக்கிறேன். அதற்குப் பிறகு போட்ட விதி இது.

“சோறு கொண்டு போறவன் சாப்டீங்களான்னு கேக்கக்கூடாதாம். நல்ல ஊருதாங்க்கா உங்க ஊரு” என்பார் பாய். அவரும் இதே ஊரில் பிறந்தவர்தான்.

பதினேழாம் நம்பர் போசி ஒரு பெரியவருடையது. எண்பது வயது இருக்கும். நான் அவரைப் பெரியப்பா என்று கூப்பிடுவேன். விவசாயம் பார்த்த காட்டை விற்று மகனுக்கு ரிக் வண்டி எடுத்துக் கொடுத்தவர். மகன் வண்டியோடு வடக்கே இருக்கிறான், மாரியம்மன் நோம்பிக்கு மட்டும் வருவான். மனைவி இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. முதல் தடவை நான் போனபோது, “நானே ஆக்கிக்கறேன் அம்மிணி, எனக்கெதுக்கு” என்றார். அடுப்பின் மேல் தீய்ந்துபோன குக்கர் ஒன்று இருந்தது. மேசை மேல் பிஸ்கட் உறைகள் கிடந்தன. எனக்குப் பேச வராது. ஆனால் அன்றைக்கு எப்படியோ வாயில் வந்தது.

“இல்லீங்க பெரியப்பா, எங்களுக்கெல்லாம் கை சரியா வரமாட்டேங்குதுங்க. நீங்க உப்பு ஒறப்பு பாத்துச் சொன்னீங்கன்னா நல்லாருக்குமுங்க.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “அதுன்னா சரி. பாத்துச் சொல்றேன்” என்று வாங்கி வைத்தார்.

அந்த வேலையை அவர் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் கேட் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“ஏனம்மிணி, கொளம்புல புளிய அப்படியே கொட்டிட்டயாட்டம் இருக்குது?”

“ஆமாங்க பெரியப்பா, கை தவறிப்போச்சுங்க.”

“தட்டப்பயறு இன்னொரு கொதி உட்டிருக்கோணும். பல்லு இருக்கறவனுக்குத்தான் அது ஆகும்.”

பக்கத்தில் வண்டியை நிறுத்தியிருந்த பாய், “பல்லில்லாம எப்படிங்க பெரியவரே அத்தனையும் காலி பண்ணுனீங்க?” என்றார்.

“முழுசாத் தின்னாத்தானப்பா முழுசாக் குத்தம் சொல்ல முடியும்?”

இப்படி இரண்டு வருஷம் போனது. பதினேழாம் நம்பர் போசி ஒரு நாளும் மிச்சத்தோடு வந்ததில்லை. கறிவேப்பிலைகூட இருக்காது.

பிறகு எங்களுக்கு ஒரு தலைவர் வந்தார். ஆறேழு ரிக் வண்டி வைத்திருப்பவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அரிசியும் சிலிண்டரும் இனி என் பொறுப்பு என்று சொன்னவர், சொன்னபடி செய்தார். இன்றைக்கும் செய்கிறார். ஆனால் மண்டபத்து வாசலில் ஒரு போர்டு வைத்தார். ‘ஆதரவற்ற முதியோருக்கு மதிய உணவு’ என்று அதில் இருந்தது. “ஆதரவற்றன்னு வேண்டாமுங்களே” என்று நான் சொன்னேன். சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. போர்டை மாட்டிவிட்டார்கள். நாங்கள் ஆள் இல்லாதவர்களுக்குச் சோறு கொடுத்துக்கொண்டிருந்தோம். அவர் அதை இல்லாதவர்களுக்கு என்று புரிந்துகொண்டார். ஒரே ஒரு வார்த்தைதான் குறைந்தது.

“உண்மையாலுமே இல்லாதவங்களுக்குப் போய்ச் சேருதான்னு பாக்கோணுமுங்க. பெரிய பெரிய ஊட்டு முன்னாடியெல்லாம் நம்ம வண்டி நிக்குதாம்” என்றார். தன் ஆபீசில் வேலை செய்கிற பெண்ணிடம் எங்கள் லிஸ்டைக் கொடுத்து எல்லோருக்கும் போன் போடச் சொன்னார். அந்தப் பெண் நாமக்கல் பக்கம், மரியாதை தெரிந்த பெண். போனை எடுத்தவர்களிடம் மரியாதையாக, “சாப்டாச்சுங்களா?” என்று ஆரம்பித்திருக்கிறது. அதையே முதல் கேள்வியாகத் தாளில் எழுதி, பக்கத்தில் பதிலையும் எழுதிக்கொண்டது. நேரம் காலை பதினொரு மணி. எங்கள் சோறு போவதற்கு ஒரு மணி நேரம் முன்னால்.

ஒன்பது பேர் “ஆச்சுங்க” என்றார்கள். “உங்களுக்கு ஏதாச்சும் உதவி வேணுங்களா?” என்பதற்கும் “ஒண்ணும் வேண்டாஞ்சாமி” என்றார்கள். மீதிப் பதினான்கு பேர் எப்படித் தப்பித்தார்கள் என்றால், பாதிப் பேர் போனை எடுக்கவில்லை, சிலருக்குக் காது கேட்கவில்லை, ஒரு சிலருக்குப் பக்கத்து வீட்டார் பேசினார்கள். ‘ஆச்சு’ என்று சொன்னவர்கள் மட்டும் மாட்டிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். தலைவர் ஒன்பது நம்பர்களையும் வாசித்தார். பதினேழும் அதில் இருந்தது. “வேணுமுங்கறவங்க எத்தனையோ பேரு காத்துட்டிருக்காங்க. வேண்டாங்கறவங்களுக்கு எதுக்குங்க? யாராச்சும் ஏதாச்சும் சொல்லோணுங்களா?” என்று கேட்டு என்னைப் பார்த்தார். சொல்ல வேண்டியது என்னவென்று எனக்குத் தெரிந்திருந்தது. ‘எங்க ஊருல அப்படித்தானுங்க சொல்லுவாங்க’ என்று ஒரு வரிதான். பாய் இருந்திருந்தால் அவராவது பேசியிருப்பார், அவர் சரக்கு எடுக்க சேலம் போயிருந்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“சரிங்க” என்றேன்.

அதை எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் ‘சரிங்க’ என்றுதான் வருகிறது.

திங்கட்கிழமை, என் வீட்டில் ஆக்கிய சோற்றை என் சொந்தப் போசியில் எடுத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனேன். குழு கொடுக்காவிட்டால் நான் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று நினைத்தேன். அவருக்கு எதுவும் தெரியாது என்றும் நினைத்தேன். அந்தப் பெண் மறுபடியும் போன் போட்டுச் சொல்லிவிட்டது எனக்குத் தெரியாது. ‘ஆதரவற்ற முதியோர் லிஸ்டுல இருந்து உங்க பேர எடுத்தாச்சுங்க தாத்தா’ என்று.

கேட் பூட்டியிருந்தது. பதினேழாம் நம்பர் போசிகள் இரண்டும் கழுவி, துடைத்து, கேட்டுக்கு வெளியே சுவர் மேல் வைக்கப்பட்டிருந்தன. அவர் உள்ளே நின்றிருந்தார்.

“அம்மிணி, நானு ஆதரவில்லாதவனா?”

“அய்யோ, அப்படியெல்லாம் இல்லீங்க பெரியப்பா.”

“ரெண்டு வருசமா என்ர பேரு அந்த லிஸ்டுல இருந்துச்சா இல்லியா?”

இருந்தது. நான்தான் என் கையால் எழுதியிருந்தேன்.

“ஊருக்கெல்லாம் தெரியும். எனக்கு மட்டுந்தான் தெரியாது. உப்பு பாக்கறனாமா உப்பு.”

“இது எங்கூட்டுச் சோறுங்க பெரியப்பா. நீங்க பாத்துச் சொன்னாத்தான்...”

“அதுக்கு வேற ஆள வெச்சுக்க” என்று திரும்பி நடந்தார். வாசற்படி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் போசிகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை தலைவரின் ஆபீசுக்குப் போனேன். என் வாழ்க்கையில் நானாக ஒருவரிடம் பேச வேண்டும் என்று கிளம்பிப் போனது அன்றைக்குத்தான். ராத்திரியெல்லாம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்திருந்தேன். காலையில் ஒன்றும் இறங்கவில்லை. வெறும் வயிற்றோடு, ரிக் பைப்புகள் அடுக்கியிருந்த யார்டைத் தாண்டி உள்ளே போனேன்.

“வாங்கக்கா, வாங்க. சாப்டாச்சுங்களா?” என்றார் தலைவர்.

“ஆச்சுங்க” என்றேன்.

உட்கார்ந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. மனப்பாடம் செய்ததை எல்லாம் விட்டுவிட்டேன்.

“ஏனுங்கண்ணா, நான் இன்னும் சாப்புடலைங்க. காத்தால இருந்து பச்சத்தண்ணி கூடக் குடிக்கலைங்க. நீங்க கேட்டதும் ஆச்சுன்னு சொல்லிட்டேன். அவங்களும் இப்படித்தானுங்க சொல்லியிருப்பாங்க.”

இதைவிடத் தெளிவாக என்னால் எந்தக் காலத்திலும் சொல்ல முடியாது. அவர் என்னைப் பார்த்தார். புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

“அட, என்னங்கக்கா நீங்க! சொன்னாத்தானுங்களே தெரியும். நம்மகிட்ட என்ன கூச்சம்?” என்று சிரித்துவிட்டு, வெளியே இருந்த டிரைவரைக் கூப்பிட்டு, “அக்காவுக்கு ஒரு செட்டு பூரி வாங்கியா, கெழங்கு கூட வாங்கிக்க” என்றார்.

பூரி வருகிற வரைக்கும் அந்தப் பெண்ணின் தாளைக் காட்டினார். “பாருங்க, நாம ஒண்ணும் வெட்டி உடலீங்க. அவங்களே வேண்டாம்னிருக்காங்க. இப்பவும் ஒண்ணுங் கெட்டுப்போயிரல. வேணுமுன்னா ஒரு போன் பண்ணச் சொல்லுங்க. வேணுமுங்கன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், நாளைக்கே சேத்திக்கலாம். வாயத் தொறந்து கேக்காதவங்களுக்கு எப்படிங்க்கா குடுக்கறது?”

பூரி வந்தது. தலைவர் எதிரில் உட்கார்ந்திருந்தார். வேண்டாம் என்று எழுந்து வந்திருக்கலாம். வேறு யாராவது என்றால் வந்திருப்பார்கள். நான் நாலு பூரியையும் சாப்பிட்டேன். கிழங்கையும் வழித்துச் சாப்பிட்டேன். பூரி கட்டி வந்த தாளை மடித்து எங்கே போடுவது என்று அவரிடமே கேட்டேன்.

அங்கிருந்து நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். இந்த முறை கேட் திறந்திருந்தது. உள்ளே போகவில்லை.

“ஒரே ஒரு போன் மட்டும் பண்ணுங்க பெரியப்பா. நானே நம்பர் போட்டுத் தாரேன்.”

“போனப் போட்டு என்னன்னு சொல்லோணும்?”

“சோறு வேணுமுன்னு.”

அவர் கோபம் எல்லாம் நேற்றோடு போய்விட்டது போல இருந்தது. “உன்ர ஊட்டுக்காரரு இப்படி ஒருத்தருக்குப் போன் பண்ணுவாரா அம்மிணி?”

“மாட்டாருங்க.”

“அப்பறம்?”

எனக்கு அவர் மேலேயும் கோபம் வந்தது. மகனுக்குக் காட்டையே கொடுத்த மனுஷனுக்கு ஒரு வார்த்தை கொடுக்க முடியவில்லையே என்று. எனக்கே ஞாயிற்றுக்கிழமை ஒரு வரி வரவில்லை, அதனால் அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நின்றேன்.

“வெயில்ல நிக்காத. போ சாமி” என்றார்.

மறுநாள் புதன்கிழமை. பதினான்கு வீடுகளுக்கும் அரிசிம்பருப்புச் சோறும் அப்பளமும் போயின. மதியம் ஒரு மணிக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பேக்கரியில் பெரியப்பா டீயில் பன்னை நனைத்துத் தின்றுகொண்டிருந்ததாகப் பாய் வந்து சொன்னார். பாயைப் பார்த்ததும் அவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாராம்.