அட்டைக்கு வைத்த புகையிலை

சரோஜா சிஸ்டர் செவ்வாய்க்கிழமை காலை குன்னூரில் காலமானதை அவருடைய தம்பி தொலைபேசியில் உறுதிப்படுத்தினார். அதே அழைப்பில் இன்னொரு செய்தியும் சொன்னார்: கீழ் கோத்தகிரி எஸ்டேட் நிர்வாகம் இந்த மழைக்காலத்தில் எல்லாத் தொழிலாளர்களுக்கும் உப்புப் பை தர ஒப்புக்கொண்டுவிட்டது. முந்தைய நாள் மாலை அதைக் கேட்டதும் சிஸ்டர் படுக்கையிலேயே கைதட்டினாராம்.

அவரை அறிந்தவர்கள் அந்தக் கைதட்டலை மறந்திருக்க மாட்டார்கள்.

எஸ்டேட் மருத்துவமனையில் குடியை விட வருகிறவர்களைக் கவனித்துக்கொண்டவர் அவர். "குடிய மட்டும் விட்டாப் பத்தாதுங்க. வாயில பொகையில இருக்கற வரைக்கும் அது பழைய கூட்டாளியக் கூப்பிட்டுட்டே இருக்கும்" என்பார். புகையிலையையும் நிறுத்தினால் மனம் உடைந்துவிடும் என்று மற்றவர்கள் அஞ்சுவார்கள். "கொஞ்ச நாளைக்கு எரிஞ்சு விழுவாங்க. அப்பறம் தெளிஞ்சிரும் பாருங்க" என்பார் சிஸ்டர்.

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் முருகேசன் இரண்டையும் விட்டவர். ஆனால் ஒவ்வொரு மழைக்காலத்திலும் குடி திரும்பியது. கூடவே தூக்கம் போனது, பேச்சு நின்றது. "இருந்து என்ன பண்ண?" என்று மனைவி செல்வியிடம் கேட்கத் தொடங்கியிருந்தார்.

சென்ற மழையின் கடைசியில் சிஸ்டர் தேயிலைச் சரிவில் ஏறினார். மருத்துவமனையில் அவருக்கு உதவியாக இருந்த நானும் உடன் போனேன். முருகேசன் மடியிலிருந்து புகையிலையை எடுத்து மென்று, அந்தச் சாற்றைக் காலில் தடவிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க முருகேசு, விட்டுட்டேன்னீங்களே?"

"விட்டுட்டேனுங்க சிஸ்டர்! இது கால்ல அட்டை ஏறாம இருக்கறதுக்குங்க."

"அட்டை உங்க வாயிலயா கடிக்குது?"

செல்வி குலுங்கிச் சிரித்தார். சிஸ்டர் கொட்டும் மழையில் கைதட்டி, "மழைக்கு மழை குடி திரும்பற காரணம் கெடச்சிருச்சுங்க!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். முருகேசன் பொய் சொல்லவில்லை. அட்டைக்கு வைத்திருப்பதை அங்கே யாரும் புகையிலைப் பழக்கமாக நினைப்பதில்லை.

அன்று மாலையே, புகையிலைக்குப் பதிலாக அட்டையை விரட்ட, சிஸ்டர் துணியில் உப்பை முடிந்து முருகேசன் கையில் கொடுத்தார். மனச்சோர்வுக்கு மருத்துவரிடம் தானே அழைத்துப் போனார். பிறகு எஸ்டேட் முழுவதற்கும் உப்புப் பை கேட்டு அலுவலகப் படியேறத் தொடங்கினார்.

இறுதிச் சடங்கில் செல்வி என்னிடம், "இப்பல்லாம் ஊட்டுல பாட்டுக்கூடப் பாடறாருங்க. சகிக்கல!" என்றார். அழுதுகொண்டேதான் சொன்னார், ஆனால் முகம் மலர்ந்திருந்தது.

சரிவில் ஏறிய அன்று சிஸ்டர் எனக்கும் ஓர் உப்பு முடிச்சு கொடுத்தார். அது என் பையில் இருக்கிறது; அந்த மழைக் கைதட்டல் காதில் இருக்கிறது.

பைகள் மே இறுதியில் வரும் என்று எஸ்டேட் அலுவலகம் சொல்கிறது. மழை ஜூனில் இறங்கும். முருகேசன் புகையிலை இல்லாமல் சரிவில் ஏறப்போகும் முதல் முழு மழைக்காலம் அது.